என் நெஞ்சில் உரசல் சத்தம்

11 மார்ச் 1958, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜன்னலோரக் கட்டில் காதர் பாய்க்கு. இந்த வார்டில் எல்லாமே அவருக்குத்தான். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை, மலேரியாவில் வீங்கிய மண்ணீரல். வியாழனன்று மருத்துவ மாணவர்களுக்குக் கடைசிப் பரீட்சை. நோயாளியைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பாயைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எனக்கு இதய உறை உரசுகிற சத்தம். அபூர்வமாம். என்னை யார் கேட்டார்கள்? வயிறு எரிகிறது.

நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்க: சோப்பு. கஞ்சியில் கொஞ்சம் உப்பு.

12, புதன்

வெயில். காலையில் பெரிய டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நானும் பரீட்சைக்கு! நோயின் பெயரை மாணவர்களிடம் சொல்லக்கூடாது என்று மிஸ்ஸி கண்டிப்பு.

பாய்: "பாத்தீங்களா கிராணியாரே, ஒங்களையும் எடுத்துட்டாங்க லா."

என்னவோ அவர் சிபாரிசு செய்த மாதிரி.

13, வியாழன்

சவரம், பவுடர். முதலில் ஒரு பையன், நம்ம ஆள். குழாயை வைத்துவிட்டு முழித்தான்.

"அண்ணே, என்னன்னு சொல்லிடுங்கண்ணே."

உரசல் என்று கிசுகிசுத்தேன். பெரிய டாக்டர் வந்ததும் அப்படியே ஒப்பித்தான். அவன் முதுகில் ஒரு தட்டு, சபாஷ் என்று.

அடுத்து ஒரு சீனப் பெண். பாயின் மண்ணீரலைத் தொட்டதுமே கண்டுபிடித்தவள். பாய்க்கு வாயெல்லாம் பல். என்னைக் குனியச் சொன்னாள், மூச்சை அடக்கச் சொன்னாள், நெடுநேரம் கேட்டாள். உரசல் எதுவும் இல்லை என்றாள். பெரிய டாக்டர் முகம் சுளித்தார். பாயின் மண்ணீரல் தெரிகிறது, என் நெஞ்சு தெரியவில்லையா? நன்றாக வேண்டும் அவளுக்கு.

14, வெள்ளி

வார்டு டாக்டர் நம்ம ஊர்க்காரர். கேட்டுவிட்டு, "சத்தமே இல்ல. புதன் சாயந்திரமே போயிடுச்சு. திங்கக்கிழமை வீட்டுக்குப் போலாம்."

செம்பவாங் வீடு. கப்பல் பட்டறை ஆபீஸில் மறுபடி குமாஸ்தா வேலை. சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

அப்படியானால் அவள் சொன்னதுதான் சரி. பையன் கேட்டது என் வாயைத்தான்.

பாய்: "அந்தப் புள்ள ஃபெயிலாயிடும் லா. பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

சொன்னால், எனக்கு ஒன்றுமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பாய்க்கு மட்டும் மண்ணீரல் அப்படியே இருக்கும். இருந்தும் போனேன். வார்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பையன் விஷயம் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

உரசல் இருக்கிறதே, தெளிவாகக் கேட்கிறதே என்றார். அந்தப் பெண் ஃபெயில்தான்.

வெட்கம் கெட்ட நெஞ்சு. குளிர்ந்து போயிற்று.