மைமூனின் கம்பளிச் சட்டை

1909 செப்டம்பர் 27

அடுத்த வீட்டு மைமூன் ஹஜ்ஜுக்குப் போகிறாள். புருஷன் ஒலி முகம்மதுவும் மாமியார் ஆயிஷா மாமியும் கூடப் போகிறார்கள். மதீனாவில் குளிர் எலும்பைக் கடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "கையில்லாம ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் குடு சிவகாமி, உள்ளே போட்டுக்கிறேன்" என்றாள், ஒரு பிடி உப்புக் கேட்பதுபோல. நானும் பெரிய கைகாரிபோலத் தலையாட்டிவிட்டேன். மிஷன் பள்ளியில் நான் பின்னியது மொத்தம் ஒரே ஒரு காலுறை. அதற்கு ஜோடி இன்றுவரை இல்லை.

செப்டம்பர் 30

இவர் ஒரு பின்னல் புத்தகம் வாங்கி வந்தார். துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி; இங்கிலீஷில் அச்சானதெல்லாம் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. ஒரு மணி நேரம் உரக்க வாசித்தார். எழுத்தும் எண்ணும் நட்சத்திரமும்தான். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன். "பொம்பளைங்க சமாச்சாரம், உனக்குத்தான் தெரியணும்" என்றார். மெல்லிய அட்டை. விசிறிக்கொள்ளத் தோதாக இருக்கிறது.

புத்தகம் வேண்டாம். அளவும் வேண்டாம். ஏழு வருஷமாகப் பார்க்கிற உடம்பு, கண்ணுக்குத் தெரியாதா?

அக்டோபர் 9

டன்லப் தெருவில் இந்த வெயிலுக்குக் கம்பளி பின்னுகிறவள் நான் ஒருத்திதான். நூல் வேர்வையில் விரலோடு ஒட்டுகிறது. முன்பக்கம் முடிந்தது. பின்பக்கம் அதைவிட நான்கு விரல் நீளம் — எப்படி?

ஹஜ்ஜுக்குத் தைத்த துணி ஆகாது என்று இவர் சட்டம் பேசினார். மைமூனிடம் சொன்னேன். "அது ஆம்பளைங்களுக்கு. உங்க வீட்டுக்காரரு என்னைக்கு ஹாஜியார் ஆனாரு?" என்றாள்.

அக்டோபர் 10

எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

அக்டோபர் 24

போட்டுப் பார்க்க எடுத்துப் போனேன். தோளில் கச்சிதம். வயிற்றில் இறங்கவில்லை. "நோன்புக் கஞ்சியை நீ ஒருத்தியே குடிச்சியா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"நாலரை மாசம்" என்றாள்.

புருஷனுக்கே தெரியாதாம். "அவரு கண்ணு என்னைக்குக் கடையை விட்டு வெளிய வந்துச்சு?" மாமிக்குத் தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம்.

"பைத்தியமா உனக்கு? கப்பலு, ஒட்டகம்... செத்துப் போவே."

"இப்ப விட்டா இனி எப்ப? பிள்ளை பொறந்தா அடுப்படிதான். மாமி நாப்பது வருஷம் காத்திருந்து இப்பத்தான் போறாங்க. நானும் பல்லு விழுந்து போகணுமா? நீ சொல்லமாட்டேல்ல?"

பிள்ளையே இல்லாத என்னிடம் கேட்கிறாள். எனக்கு வந்தது கோபமா, பொறாமையா? இரண்டும்தான். எழுதியாயிற்று, போகட்டும்.

அக்டோபர் 28

இரண்டு விலாவையும் பிரித்துவிட்டு நாடா வைத்தேன். வயிறு வளர வளரத் தளர்த்திக்கொள்ளலாம். பார்க்கக் கழுதைச் சேணம் மாதிரி இருக்கிறது. மைமூன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 3

மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மைமூன் முழுகாம இருக்காளா? மறைக்காம சொல்லு."

"இல்லை மாமி. கஞ்சி உடம்புல ஒட்டிருச்சு" என்றேன், கண் இமைக்காமல்.

பொய் சொல்வது பாவம் என்று பள்ளியில் நூறு தடவை எழுத வைத்தார்கள். கையெழுத்துத்தான் அழகானது.

நவம்பர் 8

கப்பல் போய்விட்டது.

டிசம்பர் 29

கடிதம் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இங்கதானே இருந்திருப்பா? எதுக்கு மறைச்சேன்? அவளுக்காகவா? இல்லே, அந்த வயிறு என் கண்ணு முன்னால வளரவேண்டாம்னா?

ரசத்தில் உப்பு இல்லை என்றார் இவர். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

1910 மார்ச் 9

வந்துவிட்டார்கள்! வரும் வழியில், கப்பல் பினாங்குத் துறைமுகத்தை எட்ட இரண்டு நாள் இருக்கும்போது, கடலிலேயே பிள்ளை பிறந்ததாம். ஆண். இரண்டு உயிரும் பத்திரம்.

ஓடினேன். வாசலில் மாமி. "பொய் சொன்ன வாய் என் வீட்டுப் படி ஏறக்கூடாது. ஒட்டகத்து மேல அவ துடிச்சது உனக்குத் தெரியுமா?" தெருப் பெண்களெல்லாம் வரிசையில் நின்று அவர் கையை முத்தமிட்டார்கள். பாவத்தையெல்லாம் மக்காவில் தொலைத்தவர் கோபத்தை மட்டும் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் வலிக்கிறது.

ஏப்ரல் 21

மத்தியானம் பின்கதவைத் தட்டினாள் மைமூன், கையில் பிள்ளையோடு. "மாமி தூங்குறாங்க. நாப்பது கழிஞ்சிருச்சு, இனி என்ன?" எப்படி இளைத்துவிட்டாள்! சட்டை என்ன ஆச்சு என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது?

"மதீனாவுல ஒரு ஜாவாக் கிழவி வெடவெடன்னு நடுங்கிட்டு இருந்தா. குடுத்துட்டேன்."

"உனக்குக் குளிரலையா?"

"குளிருச்சு."

பிள்ளையை என் மடியில் போட்டாள். "செத்த பிடி, காலை நீட்டிக்கிறேன்" என்று வெறுந்தரையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அவன் என் சேலையை நனைத்துவிட்டுக் கொட்டாவி விட்டான்.

கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் மாமி. "இங்க இருக்காளா?"

"இருக்கா மாமி. தூங்குறா. எழுப்பமாட்டேன்."

அவர் படி ஏறவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் முக்காலியை இழுத்துப்போய் வாசல் நிழலில் போட்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.