ஆன்டெனாவை இறக்கச் சொன்னவளுக்கு

மொட்டைமாடியில் காயும் மிளகாய் வற்றலின் நெடியும் சால்டரிங் புகையும் ஒன்றாக மூக்கில் ஏற, தும்மல் வந்தது. தும்மிவிட்டு, பழக்கத்தில் உன் தும்மலுக்காகக் காத்திருந்தேன். எனக்கு அடுத்தது எப்போதும் நீதான். எதிரில் வெட்டுப்பட்ட வயர்தான் கிடந்தது. எரிச்சலாக இருக்கிறது. வயர் மேலா, உன் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரி முடித்த கையோடு இருவரும் சேர்ந்து பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வானொலி அலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினோம். ஆன்டெனாவைக் கடையில் வாங்கலாம் என்றேன். "வயரை ரெண்டு கையா விரிச்சுக் கட்டுறதுக்குக் கடைக்காரன் எதுக்குடி?" என்றாய். உன் ஊரான மண்டபத்திலிருந்து என் ஊர் ஆர்.எஸ். மங்கலத்துக்குப் பஸ்ஸில் வருவாய். பையில் சால்டரிங் இரும்பு, பி.வி.சி. குழாய்த் துண்டுகள், வயர் நுனிகளை இழுத்துக் கட்ட மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மீன் என்ன விலை என்று கேட்டதாகச் சொல்லிச் சிரிப்பாய்.

மாடிக் கம்பத்தின் கப்பியில் கயிறு. அதன் முனையில் வயரின் நடுப்பகுதி. இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். கயிறு என் கையில், மீட்டர் உன் முன்னால். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு வீணாகத் திரும்பி வருகிறது என்று அந்த முள் சொல்லும். ஒன்றை ஒட்டி நின்றால் நல்லது. ஒவ்வொரு முறையும் மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும், இறக்கி நுனியைக் கொஞ்சம் மடிக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். நீ தலை நிமிராமல் "இறக்கு" என்பாய்.

"இப்பத்தானடி ஏத்துனேன்!"

"இறக்கு."

உள்ளங்கை எரியும். கீழேயே வைத்து அளந்து வெட்டிவிடலாமே என்று சண்டை போடுவேன். "தரைக்குப் பக்கத்துல அது பொய் சொல்லும். வெட்டாத, மடி" என்பாய்.

போன மழையில் கம்பம் முறிந்தது. அதற்குள் நீ ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமலும் போய்விட்டாய். ஞாயிறு காலைகளில் நம் ஹாம் நண்பர்கள் வரிசையாக அழைத்துக்கொள்ளும்போது என் அழைப்புக் குறியையும் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கேட்கிறது, என் பதில் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் சில வாரம் போனால், உன்னோடு நானும் ஓய்ந்துவிட்டேன் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

புதிய கம்பம் நட்டேன். ஒற்றை ஆளாய்க் கயிற்றுக்கும் மீட்டருக்கும் ஓடி அலுத்து, நேற்று கீழேயே வைத்துச் சரிபார்த்தேன். வயர் நீளம் அதிகம் என்றது மீட்டர். நீ மடித்துவிட்டிருந்த நுனிகளை, சனியன் என்று வெட்டி எறிந்தேன். முள் அழகாக ஒன்றுக்கு வந்தது. மேலே ஏற்றினேன். மூன்றைத் தாண்டிப் போய் நின்றது. வயர் குட்டையாகிவிட்டது. எத்தனை வருஷம் சொன்னாய்!

இன்று காலை குப்பையில் அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்து மறுபடி வயரோடு சேர்த்துப் பற்றவைத்தேன். வற்றல் கிளற வந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏந்தாயி, துணி காயப்போடுற கொடிக்கா இம்புட்டுப் பாடு?"

"கொடியில்லக்கா, ரேடியோ. இந்தக் கயித்தைச் செத்த பிடிக்கிறீங்களா?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தார். முள் இரண்டரையில் நின்றது. இறக்கி, நுனியை மடித்து, ஏற்றினோம். இரண்டு. மறுபடி இறக்கி ஏற்றினோம். ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. இது போதும், ஞாயிற்றுக்கிழமை என் குரல் போய்ச் சேரும். போதும் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இறக்குங்க" என்றேன், தலை நிமிராமல்.

"இப்பத்தான தாயி ஏத்துனேன்! ஒனக்கு எம்புட்டுத்தான் வேணும்?"

அதை உன்னிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கயிறு இறங்கி வந்தது. நுனியை இன்னும் ஒரு விரற்கடை மடித்தேன்.