டேப்பில் நின்ற கப்பல்

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான், தென்மேற்குக் காற்று. சன்னல் விளிம்பில் துறைமுகத்து நிலக்கரித் தூள், விரலால் கையெழுத்துப் போடும் அளவுக்கு.

காலை ஆறே காலுக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பின், கடலைப் பார்த்த மாடிச் சன்னல் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டுவது என்ற முடிவை எடுத்தேன். நீளம் ஒரு சாண். இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதில் நீண்ட விவாதம், எனக்கும் எனக்கும். வலப்பக்கம் வென்றது. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, மனைவி ஸ்டெல்லாவிடமிருந்து.

"கண்ணு பட்டுரும்னு சன்னலுக்குப் பொட்டு வைக்கியளாக்கும்?"

டேப் அவள் தம்பி லூர்துக்காக. போன மாதம் விடியும் நேரம், முயல் தீவுக்கு வெளியே, எஞ்சினை நிறுத்திவிட்டு அவனும் கூட்டாளி அந்தோணியும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சரக்குக் கப்பல் ஒன்று ஃபைபர் படகின் மேல் ஏறியது. படகு இரண்டு துண்டு. இருவரும் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்து, வேறு படகில் கரை சேர்ந்தார்கள். கப்பல் நிற்கவில்லை.

மீன்வளத் துறைக்கு லூர்து எழுதிக்கொடுத்தது: "கப்பல் நின்றுகொண்டிருந்தது." கப்பலின் பதிவேட்டில் எங்கும் நிற்கவில்லை என்று இருக்கிறதாம். ஆகவே இவன் பொய்யன், அல்லது குடிகாரன். எது என்று புதன்கிழமை விசாரித்து முடிவு செய்வார்கள். பாதகமானால் மாற்றுப் படகு கிடையாது. கடலுக்குப் போகும் அனுமதியும் போகும்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் உளவியல். வருடா வருடம் 'கண் நகர்வை எப்படி அறிகிறது' என்று பாடம். இதுவரை அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. விடுமுறை. தெருவில் நடக்க இடமில்லை. வாங்க வேண்டியவை: பால், கொத்தமல்லி, இன்னொரு சுருள் டேப்.

லூர்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். மாடிச் சன்னல் விளிம்பில் தாடையை வைத்து டேப் வழியே கடலைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண் மூடி. வெளியே இரண்டு கப்பல். ஒன்று டேப்பை விட்டு விலகிப் போனது. அது வேறெங்கோ போகிறது. மற்றது டேப்பிலேயே இருந்தது.

"நிக்குது" என்றான்.

"நிக்குதா, நேரா நம்ம வீட்டுக்கு வருதா?"

ரொம்ப நேரம் பார்த்தான். "வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான தெரியும், அத்தான்."

அவ்வளவுதான் பாடம். நம்மை நோக்கி நேராக வருவது பக்கவாட்டில் அசையாது, வளரும். தூரம் பாதியானால்தான் உருவம் இரண்டு மடங்கு. மிச்சம் எல்லா வளர்ச்சியும் கடைசி ஒன்றிரண்டு நிமிடத்தில்.

"காலையில அங்கன நாலு கப்பல் நங்கூரம் போட்டு நிக்கும். அதுல ஒண்ணுன்னுதான் நெனச்சேன். அப்ப நான் பொய் சொல்லல, என்ன?"

இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினான். விபத்துக்குப் பின் இதுதான் முதல் தடவை என்றாள் ஸ்டெல்லா.

ஆகஸ்ட் 6, புதன்

விசாரணை. பதினொன்றுக்கு வரச் சொல்லி ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் நாற்காலியில் பூத்துவாலை.

"இவ்ளோ பெரிய கப்பல், கண்ணு தெரியலையாய்யா உனக்கு?"

"தெரிஞ்சுது சார். நின்னுச்சு."

"கப்பல் நின்னுச்சு, நீ போய் அதுல இடிச்ச. அப்படித்தான?"

குமாஸ்தா சிரித்தார். லூர்து தன் கால்விரலைப் பார்த்தான். பையிலிருந்து டேப்பை எடுத்து அவருடைய சன்னலில் ஒட்டினேன். இருபது நிமிடம் பேசினேன். அதிகாரி ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"அருமை சார். எங்களுக்கு யாரும் இப்படிச் சொல்லிக் குடுக்கலயே."

தானே பேனா எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆணை வந்தது. நான்காம் பத்தி, அப்படியே:

"பெரிய கப்பல் தன்னை நோக்கி வருகிறதா என்பதைச் சிறு டேப் துண்டு கொண்டு எவரும் அறியலாம் என மனுதாரர் தரப்புப் பேராசிரியரே செய்து காட்டினார். இத்தனை எளிய வழி இருந்தும் மனுதாரர் அதைக் கைக்கொள்ளவில்லை."

படகு இல்லை. அனுமதி ஓராண்டுக்கு ரத்து.

நான் சொன்னது, கண்ணால் அறிய முடியாது என்று. வலை இழுக்க நிறுத்திய படகிலிருந்து பார்த்தால் நங்கூரமிட்ட கப்பலும் டேப்பில் நிற்கும், கொல்ல வருகிற கப்பலும் டேப்பில் நிற்கும். கப்பலில் ரேடார் இருக்கிறது. பத்து மாடி உயரம் இருக்கிறது. பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் டேப் ஒட்டச் சொல்லவில்லை. டேப் என்னுடையது. பேச்சும் என்னுடையது.

அலுவலகத்துக்குப் போன். "சார் மீட்டிங்." மறுபடி. "சார் சாப்பிடுதாங்க." மறுபடி. எடுக்கவில்லை.

ஸ்டெல்லா தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லூர்து: "விடுங்க அத்தான். நல்லாத்தான் பேசுனிய. அவனுக்கே புரிஞ்சிட்டுல்லா."

ஆகஸ்ட் 13, புதன்

சுற்றறிக்கை. எல்லா ஃபைபர் படகிலும் முன்பக்கம் கறுப்பு டேப் கட்டாயம். இல்லாவிட்டால் மானிய டீசலுக்கு டோக்கன் கிடையாது. கடைசி வரியில் எங்கள் கல்லூரிக்கு நன்றி. முதல்வர் அறைக்கு அழைத்துக் கை கொடுத்தார். டீ, இரண்டு பிஸ்கட். பிஸ்கட்டைத் தின்றேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

குக்கர் கேஸ்கட் வாங்கப் போனேன். ஹார்ட்வேர் கடை அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்ததும்:

"கறுப்பு டேப் தீந்துட்டு சார். பெரியதாழையில இருந்தெல்லாம் வந்து அள்ளிட்டுப் போறானுவ. ஒங்க மச்சானோட கூட்டாளி அந்தோணிகூட ரெண்டு வாங்குனான், வேற படகுல ஏறுதானாம். செவப்பு கெடக்கு, தரட்டா?"

கேஸ்கட்டும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று இல்லை. வெளியே நாலு கப்பல்.

லூர்து காலை ஆறு இருபது பஸ்ஸில் சாத்தான்குளம் போனான். அங்கே அவன் சகலையின் செங்கல் சூளையில் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள்.