நீலச் சட்டைச் சாமிகள்

என் கண்ணான மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார்கள். இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரில் இருக்க, உன் பையன்கள் தனியாகக் குடித்தனம் நடத்தும் லட்சணத்தைக் கேட்டிருந்தாய். வீடு நாறினால் இருவரையும் விடுதியில் தள்ளிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தாய்.

வீடு நாறவில்லை அம்மா. தணிகையும் குமரனும் விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். தாங்களே சமைத்து, பாத்திரமும் துலக்குகிறார்கள். சின்னவன் தெருநாயைக்கூட "சாமி" என்றுதான் விரட்டுகிறான்.

காரணம் கேட்பாய். கார்த்திகை பிறந்ததும், பள்ளிச் சட்டைகளை வெளுக்கிறோம் என்று நம் வீட்டில் பட்டுக்குச் சாயம் போடும் அண்டாவில் வேகவைத்துவிட்டார்கள். அடியில் நீலச் சாயம் இருந்திருக்கிறது; வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாகிவிட்டது. மறுநாள் ஹெட்மாஸ்டர் வாசலிலேயே நிறுத்த, பெரியவன், "அய்யப்பனுக்கு மாலை போட்டுக்கினு இருக்கோம் சார்" என்று அளந்திருக்கிறான். கழுத்தில் மாலை எங்கே என்று கேட்டாராம். வீட்டில் மறந்துவிட்டோம் என்றானாம் சின்னவன்.

சாயங்காலம் பக்கத்துத் தெருவுக்கு, குருசாமியான என்னிடம் ஓடிவந்தார்கள்.

"தாத்தா, இப்பவே மாலை போட்டுவுடு தாத்தா!"

"சாமிகிட்ட வெளையாடாதீங்கபா. போட்டா நெசமாவே விரதம் இருக்கணும்."

போட்டேன். இருக்கிறார்கள்.

ஆகையால் விடுதிப் பேச்சே வேண்டாம். நீயே வந்து வீட்டைப் பார். ஆனால் அவர்கள் மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றுவதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா