மையவாடிக்குப் போன ரைஹான் கன்றுகள்

என் அன்புக்குரிய மகள்ட வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கபுறில் இருப்பவர்கள் ஸலாத்துக்குப் பதில் சொல்வார்களாம், நமக்குத்தான் கேட்காதாம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உயிரோடு இருந்த காலத்திலும் லொறிச் சத்தத்துக்குள் நீங்கள் சொன்ன பதிலில் பாதி எனக்குக் கேட்டதில்லை. அதனால் இது ஒன்றும் புதிதில்லை. பெயர் சொல்லி உங்களை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இப்போதும் கூப்பிடப் போவதில்லை.

இதை நானேதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், என் எழுத்தை வாசிக்க முடியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நம்முடைய பேத்தி ஸஹ்றா இதைப் போனில் அடித்து எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடப் போகிறாளாம். "ஒரு பிழையும் இல்ல உம்மம்மா" என்றாள். கெம்பஸில் படிக்கிற பிள்ளை சொன்னது, நானாகச் சொல்லவில்லை. நம்முடைய கதையை ஊர் வாசிக்கலாமா என்று கேட்பீர்கள். வாசிக்கட்டும். ஒளித்து வைத்ததால் வந்த களைப்பைத்தான் எழுதப் போகிறேன்.

களைப்பாகத்தான் இருக்கிறது. கச்சான் காற்று இந்த முறை அளவுக்கு மிஞ்சி அடிக்கிறது. முற்றத்தைக் கூட்டி முடிப்பதற்குள் கூட்டின இடம் மறுபடியும் மணலாகிறது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. குந்தி இருந்தால் எழும்புவதற்கு யாராவது கை தர வேண்டும், எழும்பிவிட்டால் இருக்க மனம் வருவதில்லை. மகள் நல்லாகத்தான் பார்க்கிறாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இல்லாத வீட்டில் நல்லாக இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும், இல்லையா?

குசினிப் பக்கத்து ரைஹான், மற்ற ஆட்கள் திருநீற்றுப்பச்சை என்கிற அந்தச் செடி, மட்டும் விடாமல் நிற்கிறது. சம்மாந்துறை மில்லுக்குப் போகும்போது லொறியின் முன்கண்ணாடியடியில் ஒரு கொத்து வைத்துக்கொண்டு போவீர்களே, அதே வர்க்கம்தான். தவிட்டு மணமும் டீசல் மணமும் ஒன்றாக ஏறுகிற இடத்தில் "இது ஒரு கொத்து இருந்தா போதும்கா, சென்ட் எல்லாம் எனக்கு எதுக்கு" என்பீர்கள். வெயில் ஏறுவதற்கு முன்பு ஆய்ந்தால்தான் அந்த வாசம் பின்னேரம் வரைக்கும் நிற்கும். அதற்காகவே சுபஹுத் தொழுத கையோடு முற்றத்துக்கு இறங்குவேன்.

இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. தயிர் வாங்கின மண் முட்டியின் அடியில் ஆணியால் துளை போட்டு, மணலும் ஆட்டுப்புழுக்கையும் தும்புத்தூளும் கலந்து நிரப்பி, விதையைத் தூவி மேலே மெல்லிசாக மண் போடுகிறேன். கன்று ஒரு சாண் வளர்ந்ததும், இரண்டு இலை எதிரெதிராக நிற்கிற கணுவுக்கு மேலே கிள்ளுவேன். கிள்ளின இடத்தில் இரண்டு கொப்பு வரும். பூக்கதிர் தலைகாட்டினால் அதையும் கிள்ளிவிடுவேன். பூக்க விட்டால் இலை சிறுத்துக் கசந்துவிடும். நோன்பு திறக்கிற சர்பத்துக்குக் கசகசா என்கிற அதன் விதை வேண்டுமே என்று ஒரேயொரு முட்டியை மட்டும் பூக்க விடுவேன்.

நீங்கள் போன பிறகு இத்தாவில் இருந்த மாதங்களில் எனக்கு இருந்த வேலை இது ஒன்றுதான். வெளியே போக முடியாது, வருகிறவர்களையெல்லாம் பார்க்கவும் முடியாது. முட்டிகளோடுதான் கதைத்தேன். அப்போதுதான் மனசில் விழுந்தது, உங்கள் கபுறடியில் இந்த ரைஹானை வைக்க வேண்டும் என்று. பச்சை நிற்கிற கபுறுக்கு ரஹ்மத் என்கிற அருள் இறங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களும் இப்போது ஊரில் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்காரி, அந்த வாதத்துக்குள் போகவில்லை. உங்களுக்கு ரைஹான் பிடிக்கும். எனக்கு அது போதும்.

ஆனால் பெண்பிள்ளை நான், கபுறுகள் இருக்கிற மையவாடிக்குள் எப்படிப் போவது? கன்றை மகன் நிஸாமின் கையில்தான் கொடுத்தேன். அவன் சம்மாந்துறையில் பெண் எடுத்து அங்கேயே இருந்தாலும், கடை வேலை கல்முனையில்தானே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பகல் சோற்றுக்கு என்னிடம் வருவான். அது உங்களுக்கும் தெரியும், உங்களிடம்தானே முதலில் வருகிறான்.

"கண்டு எப்பிடி மனே இரிக்கி?" என்று கேட்டேன்.

"நல்லா இரிக்கி உம்மா."

கொஞ்ச நாள் போனதும் அவனாகவே வந்து, "இன்னொரு கண்டு தாங்க உம்மா, பக்கத்தில வைப்பம்" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. வாப்பாவில் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டு, இருந்ததிலேயே கொழுத்த கன்றைக் கொடுத்தேன். பிறகு மூன்றாவதையும் கேட்டு வாங்கினான். நான் பார்த்திராத அந்த இடத்தில், தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை தெரியாத அளவுக்கு ஒரு ரைஹான் பற்றை வளர்ந்து நிற்பதாகவே நினைத்துக்கொண்டு இருந்தேன். தொழுதுவிட்டுக் கண்ணை மூடினால் அதுதான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆசை அடங்கவில்லை. "அடுத்த முறை வரக்குள்ள ஒரு கொப்பு ஆஞ்சிட்டு வா மனே" என்றேன். "மையவாடியில இருந்து எதையும் ஊட்டுக்குள்ள கொண்டு வரப்படாதும்மா" என்று மகள் முகத்தைச் சுளித்தாள். "என்ட மனிசன்ட தலைமாட்டு இலை, என்னைக் கடிக்குமா?" என்றேன்.

அவன் கொண்டுவந்தான். சேட்டுப் பையிலிருந்து எடுத்து, "இந்தாங்க உம்மா, வாப்பாட கபுறடி ரைஹான்" என்று தந்தான்.

கையில் வாங்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. நம்முடைய இலை வழுவழுப்பாக மினுங்கும். இது ரோமம் படர்ந்து, ஓரத்தில் பல்லுப் பல்லாக இருந்தது. மூக்கடியில் வைத்தால் கராம்பு மாதிரிக் காரமாக ஏறியது. இது துளசி என்று சொல்வதற்கு நான் வைத்தியர் வீட்டில் பிறந்திருக்க வேண்டுமா? தமிழ் ஆட்கள் இருக்கிற பாண்டிருப்புப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு நிற்கிறதே.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று கேட்பீர்கள். இது துளசி என்றால் அங்கே ரைஹான் இல்லை. இல்லை என்பதை அவன் வாயால் கேட்க எனக்குத் தெம்பு வரவில்லை. "நல்ல வாசம் மனே" என்று மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி துளசி வந்தது. நானும் ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றி யன்னலில் வைத்தேன். ஸஹ்றா ஒருநாள் மோந்து பார்த்துவிட்டு, "உம்மம்மா, இது..." என்று தொடங்கினாள்.

"தெரியும். வாயப் பொத்திட்டு இரி" என்றேன்.

மகன் எனக்குப் பொய் சொல்கிறான், நான் அவனுக்கு நம்பினவள் மாதிரி நடிக்கிறேன். ஒரு வீட்டுச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இரண்டு பேர் இப்படி எத்தனை நாள் இருக்கலாம்? அவன் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. கறி நல்லா இல்லையா என்று கேட்டால் வெயில் என்பான். கண்ணை மூடினால் தெரிந்த பற்றையும் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு முடிந்து பிளேன்டி குடித்துக்கொண்டு இருக்கிறோம். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். நிஸாமோடு கடையில் நிற்கிற சிவா, அந்தப் பாண்டிருப்புப் பிள்ளை, கையில் ஒரு பூச்சாடியோடு வந்து நிற்கிறான்.

"அம்மா, இப்ப இருமல் எப்படி இருக்கு?"

"என்ன இருமல் மனே?"

"நிஸாம் சொன்னானே, விடாத இருமல் எண்டு. வெள்ளிக்கு வெள்ளி எங்கட வீட்டுத் துளசியைத்தானே ஆஞ்சி கொண்டு வாறான். எங்கட அம்மா சொல்லிட்டா, இப்படியே போனா எங்கட மாடம் மொட்டையாகிப் போகும், பேசாம ஒரு கண்டையே குடுத்துட்டு வா எண்டு. அதான் கொண்டு வந்தன்."

நான் நிஸாமைப் பார்த்தேன். அவன் பிளேன்டிக் கிளாசுக்குள் விழுந்துவிடுகிற மாதிரிக் குனிந்து இருந்தான். காது இரண்டும் சிவந்து போயிருந்தது. பிள்ளைகள் பெற்ற ஆம்பிளை, கூட்டாளிக்கு முன்னால் அவனை விட்டுக்கொடுக்க முடியுமா?

நான் இருமினேன். நன்றாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று தரம்.

"இப்ப கொஞ்சம் சொகம் மனே. உங்கட அம்மாக்கு நான் சலாம் சென்னதாச் செல்லு. இரி, ஒரு வாய் பிளேன்டி குடிச்சிட்டுப் போ."

ஸஹ்றா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டாள். அங்கே ஏதோ மூடி விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

சிவா போன பிறகு நிஸாம் கிளாசைக் கீழே வைத்தான். அவனாகவே சொன்னான்.

"முதல் கண்டு ஒரு கிழமையில காஞ்சிட்டும்மா. ரெண்டாவதக் கட்டாக்காலி ஆடு திண்டிட்டு. மூணாவதுக்குச் சுத்தி முள்ளுக் கட்டி வெச்ச. மையவாடியத் துப்பரவாக்குன பொடியன்மார் புல்லு எண்டு நினைச்சிப் புடுங்கிட்டானுகள்."

"ஏன்டா மனே செல்லல்ல?"

"ஒவ்வொரு வெள்ளியும் கண்ண அகட்டி வெச்சிக்கிட்டுக் கேப்பீங்க. நான் என்னத்தச் செல்ற? நீங்க வந்து பாக்கவா போறீங்க எண்டுதான்..." என்று இழுத்தான்.

அந்தச் சொல் எனக்கு வலித்தது, மகள்ட வாப்பா. ஆனால் பொய் இல்லையே. உங்களைக் குளிப்பாட்டிக் கபனிட்டு வாசலால் தூக்கிக்கொண்டு போனதுதான் நான் கடைசியாகக் கண்டது. அதற்கு அங்கால் நடந்தது எல்லாம் மற்றவர்கள் வந்து சொன்னதுதான்.

"இப்ப அங்க என்ன இரிக்கி? உண்மையச் செல்லு" என்றேன்.

"மணல்தான் உம்மா. மீசான் கட்டையும், கொஞ்சம் காஞ்ச புல்லும்."

மணல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தேன். அழவில்லை. அழுவதற்கும் எழும்பி இருக்க வேண்டுமே. முட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் போகவில்லை. மகள்தான் ஊற்றினாள், ஊற்றத் தெரியாமல் இலையில் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். சீமெந்து வெடிப்புக்குள் ஒரு ரைஹான் நிற்கிறது. நான் நட்டதில்லை. போன வருசம் கசகசாவைச் சுளகில் புடைக்கும்போது பறந்து விழுந்த விதையாக இருக்க வேண்டும். மழைக்கு முளைத்து, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல், இந்தக் கச்சானுக்கும் தாக்குப்பிடித்துக்கொண்டு, கட்டையாக, கறுத்துப் போய் நிற்கிறது. கசக்கிப் பார்த்தேன். முட்டியில் நிற்கிறதை விட வாசம்.

அப்போது என் புத்திக்கு எட்டியது. நான் நிழலில் வைத்து, வேளைக்கு வேளை தண்ணீர் கொடுத்து, செல்லப்பிள்ளையாக வளர்த்ததைக் கொண்டுபோய்க் கடற்காற்றில், ஊற்ற ஆளில்லாத மணலில் வைத்தால் அது என்ன செய்யும்? அந்த இடத்தில் பிறந்தால்தான் அந்த இடத்தில் பிழைக்கும். அனுப்ப வேண்டியது விதை.

அன்றோடு பூக்கதிர் கிள்ளுவதை நிறுத்திவிட்டேன். ஒரு முட்டி இல்லை, எல்லா முட்டியும் பூத்து நிற்கிறது. தேனீ வந்து குசினி யன்னலில் மோதுகிறது. இலை சிறுத்துக் கசந்துவிட்டது என்று ஸஹ்றாவின் முறைப்பாடு. அவள் ஏதோ வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்கு இதைப் போடுவாளே. "உன்ட சாப்பாட்டுக்கு இந்த வருசம் லீவு" என்றேன். நோன்புச் சர்பத்துக்கும் கடைக் கசகசாதான். கதிர் காய்ந்து மண்ணிறமாக வர வர வெட்டி, பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித் தூக்குகிறேன். கசக்கிப் புடைப்பதற்குக் கை நோகிறது. நோகட்டும், வேறு வேலை என்ன?

நிஸாமிடம் சொல்லிவிட்டேன், மாரியின் முதல் மழை மணலை நன்றாக நனைத்த பிறகு கொண்டுபோய்த் தூவி, கையால் ஒரு தடவு தடவிவிடு என்று.

"முளைக்காட்டி என்னம்மா செய்ற?" என்று கேட்டான். பயந்துதான் கேட்டான்.

"முளைச்சாலும் முளைக்காட்டியும் எனக்கு வந்து செல்லாத. நானும் கேக்க மாட்டன். இலையும் கொண்டு வரத் தேவல்ல."

அவன் கோப்பையைத் தள்ளி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் வெறுங்கையோடுதான் வருகிறான், மீன்கறி முடியும் வரைக்கும் சாப்பிடுகிறான். சிவா தந்த துளசியை வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். அந்தப் பொய்யான இருமல் இப்போது உண்மையாகவே வந்துவிட்டது, அவித்துக் குடிக்கிறேன்.

மகள்ட வாப்பா, நான் உயிரோடு இருக்கிற மாரிக்கெல்லாம் உங்களுக்கு விதை வரும். இது என் வாக்கு. முளைத்ததா என்று யாரிடமும் கேட்க மாட்டேன், அதுவும் வாக்கு. இரண்டாவது வாக்கைக் காப்பாற்றுவதுதான் எனக்குப் பெரும் கஷ்டம். அதற்கு மட்டும் நீங்கள் அங்கே இருந்து துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஸலாம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கும்,
நிஸாமுடைய உம்மா