நீ காட்டுக்குப் போகவே இல்லை என்றவர்

உனக்கு,

இன்று காலை ஸ்டோர் ரூமில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் உண்ணி விரட்டும் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றைத் திறந்தாள். திறந்த வேகத்தில் கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டது. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் அந்த நெடி அறை முழுக்கப் பரவியது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் நகரவில்லை. "இத பூசிக்கினு போனா உண்ணி மட்டும் இல்லடி, எம் புருசன்கூட நாலு நாளைக்குக் கிட்ட வரமாட்டான்" என்று நீ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

உனக்கு எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைக்கிறேன். எழுத உட்கார்ந்தால் நம் அதிகாரியின் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். இன்றைக்கும் வந்து நிற்கிறது. நிற்கட்டும்.

நகரியில் நாம் இருவரும் ஒரே தெரு. பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் இருவருக்குமே மெதுவாகப் பேச வராது. திருப்பதியில் டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டல் வார்டன் நம் இருவரையும் சேர்த்தேதான் திட்டுவார். படிப்பு முடிந்து எனக்கு லேபில் வேலை கிடைத்தது, உனக்குக் காட்டில். எனக்கு மின்விசிறி, நாற்காலி, மாதிரிகளை வைக்க ஃப்ரீசர். உனக்குக் குப்பம் பக்கத்து எல்லைக் காடுகளும், வருடத்துக்கு ஒரு தடவை நீட்டிக்கப்படும் காண்ட்ராக்ட்டும். நீதான் சந்தோஷமாக இருந்தாய்.

குரங்குச் சாவைக் கவனிப்பதுதான் உன் வேலை. காட்டில் எங்கே குரங்கு செத்தாலும் போய்ப் பார்த்து, எழுதி, மாதிரி எடுத்து, அந்த இடத்தின் சருகுமேல் வெள்ளைத் துணியை இழுத்து, ஒட்டிக்கொள்ளும் உண்ணிகளைக் குழாயில் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். கர்நாடகப் பக்கத்துக் காடுகளில் இருக்கும் குரங்குக் காய்ச்சல் எல்லை தாண்டி வந்தால் முதலில் சாவது குரங்குதான், பிறகு உண்ணி கடித்து மனிதர்களுக்கு வரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சலையும் இப்படித்தான் குரங்குகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். வகுப்பில் எல்லோரும் தூங்கி வழிந்தபோது நீ மட்டும் என் தொடையில் கிள்ளி, "நமக்கு முன்னாடி செத்து, உஷாருன்னு சொல்லுதுடி. அதக்கூட நாம எழுதலன்னா எப்டி?" என்றாய்.

அந்த வருடம் மாம்பூ உதிர்ந்து பிஞ்சு விட்டிருந்த நேரம். சாந்திபுரத்துக்கு அப்பால் காட்டோரக் குடிசைகளில் ஆடு மேய்க்கும் முனியப்பா உன்னைக் கூப்பிட்டு, ஓடைப்பக்கம் குரங்குகள் செத்துக் கிடக்கின்றன என்றார். அப்போது நம் ஸ்டோரில் எண்ணெயும் கையுறையும் பெட்டி பெட்டியாக இருந்தன. ஆனால் பூட்டியிருந்தன. பெரிய மனிதர் ஒருவரை அழைத்து வந்து, அவர் கையால் கொடுத்து போட்டோ எடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்பது நம் அதிகாரியின் உத்தரவு. உன்னிடம் மிச்சம் இருந்தது பழைய பாட்டிலில் கால்வாசி. அதையும் முனியப்பா வீட்டில் கொடுத்துவிட்டு, கையில் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனாய்.

மறுநாள் நீ குப்பத்தில் ரயில் ஏறினாய். நான் திருப்பதியிலிருந்து பாகாலா வந்து உன்னைப் பார்த்தேன். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். முழங்கைக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இன்னாடி இது?"

"கடிச்சிடுச்சி. புடுங்கிப் போட்டேன்."

"எண்ணெய ஏன்டி குட்த்த? உனக்கு வேணாவா?"

"அவங்க தெனம் போறவங்க. நானு ஒரு நாள் போறவ. நாலு கொரங்குடி. ஒண்ணு குட்டியக் கட்டிப் புடிச்சிக்கினே செத்துக் கெடக்குது." பெட்டியின் மூடியை இறுக்கி மூடினாய். பிறகு, "வா, எதனா துன்னலாம். பசிக்குது" என்றாய்.

ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். நீ எதிர் ரயிலில் ஏறித் திரும்பிப் போனாய். உன்னை நல்லபடியாகப் பார்த்தது அதுதான் கடைசி.

பெட்டியோடு நான் ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த வாரத்துக் கணக்கில் 'குரங்குச் சாவு: இல்லை' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டிருந்தார். அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான், அதற்கு முந்தையதும் அப்படித்தான். இப்போது நாலு என்று போனால், இத்தனை நாள் எண்ணெய் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அவர் பயமெல்லாம் அதுதான். தெலுங்கில் மெதுவாக, அன்பாகவே பேசினார். நாய் கடித்துச் செத்தது என்று உன்னை எழுதச் சொன்னாராம். நீ மாட்டேன் என்றாயாம். "சரி, அப்படியென்றால் அந்தப் பெண் காட்டுக்குப் போகவே இல்லை" என்று சொல்லி, பதிவேட்டில் உன் பக்கத்தை என் கண்ணெதிரே கிழித்தார். பிறகு ஐஸ் பெட்டியைக் காட்டி, "பாரெய்யம்மா" என்றார். தூக்கிப் போட்டுவிடு என்று.

நான் "சரி சார்" என்றேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சத்தமாகப் பேசத் தெரிந்தவள்தான், அன்றைக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் தூக்கிப் போடவில்லை. குழாய்களை வேறு லேபிள் ஒட்டி ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்தேன்.

நீ போன் செய்தாய். "அனுப்பிட்டியாடி?"

பக்கத்து நாற்காலியில் அவருடைய ஆள் உட்கார்ந்திருந்தான். "மேலருந்து ஆர்டர் வரல" என்றேன்.

"அப்ப நீயும் அந்தாள் பக்கம் போய்ட்ட" என்று வைத்துவிட்டாய். அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் குரல் ஊருக்கே கேட்டுவிடும், மாதிரிகள் பறிபோகும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

அதற்குள் உனக்குக் காய்ச்சல். சித்தூர் ஆஸ்பத்திரியில் டெங்கு என்று வைத்துப் பார்த்தார்கள். நான் வந்தபோது ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் காடு, உண்ணி, குரங்கு எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயது டாக்டர். காது கொடுத்துக் கேட்டார். உன் ரத்தம் ஒரு குழாய் எடுத்து முறைப்படி சீல் வைத்து என்னிடம் தந்தார். இதற்குத் தனி மருந்து இல்லை, உடம்பு தாங்க வேண்டும் என்றும் சொன்னார். நீ கண் திறந்து முதலில் கேட்டது, "முனியப்பா வூட்ல யாருக்கனா காய்ச்சலா?"

நான் உன் காதருகில் குனிந்து, "தூக்கிப் போடலடி. ஃப்ரீசர்ல அடியில கீது" என்றேன்.

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "திருடி" என்றாய். உதடு சிரித்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, "அந்தாள வுடாதடி" என்றாய்.

அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் புரியவில்லை. பதினோராம் நாள் போய்விட்டாய்.

என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சாகப் போகிறவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ சொல்லவில்லை. அதற்காகவே உன்னை இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

ஆபீஸில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர்தான் உன் படத்துக்கு மாலை போட்டார். "வேலைமேல் ஆசை அதிகம். யாரும் அனுப்பாமல் தானாக எங்கேயோ போயிருக்கிறாள், பாவம்" என்று மைக்கில் பேசினார். உன் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. அவர் தலையாட்டியதைப் பார்த்த நிமிடத்தில்தான் எனக்குள் இருந்த பயம் எல்லாம் வற்றிப்போனது.

நம் அதிகாரி எதையும் படித்துக் கையெழுத்துப் போடமாட்டார். போனில் பேசிக்கொண்டே போடுவார். ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாதிரிகளை வெளி மாநிலத்துப் பெரிய லேபுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். இடம், நாள், நாலு குரங்கு, உண்ணிகள். கூடவே உன் ரத்தம். கீழே, 'எனது உத்தரவின்பேரில், பணியில் இருக்கும்போது சேகரிக்கப்பட்டது' என்ற வரி. அதை நான் எழுதவில்லை. படிவத்தில் அச்சாகியே வரும் வரி. லீவு விண்ணப்பங்களுக்கும் ஊசி மருந்துப் பட்டியலுக்கும் நடுவில் வைத்து நீட்டினேன். யாரிடமோ கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒவ்வொன்றிலும் போட்டார். அதிலும் போட்டார்.

குரங்கிலும் உண்ணியிலும் உன் ரத்தத்திலும் ஒரே கிருமி என்று ரிசல்ட் வந்தது. அது எங்கள் ஆபீஸுக்கு வருமுன் தலைநகருக்குப் போய்விட்டது. மூன்றாம் நாளே குழு வந்து இறங்கியது. ஸ்டோர் பூட்டைத் திறந்தார்கள். முனியப்பாவின் குடிசையிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாக எண்ணெய் போனது. அவர் மருமகளுக்கும் பக்கத்து வீட்டு ஆளுக்கும் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

பிறகு விசாரணை. குழுவின் தலைவி ஒரு அம்மா. அவர் முன்னால் நம் அதிகாரி, "அந்தப் பெண் காட்டுக்குப் போகவே இல்லை மேடம், நான் அனுப்பவே இல்லை" என்றார். அந்த அம்மா படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

அவர் அந்த வரியை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தார். அனுப்பினேன் என்றால் இத்தனை நேரம் சொன்னது பொய். படிக்காமல் போட்டேன் என்றால் அதுவும் குற்றம். பிறகு தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் அவர் கண்ணுக்கு நேராகவே நின்றேன். அதை நடுவில் வைத்து நீட்டியது தெரிந்தேதான் என்பது அவருக்குப் புரியும்வரை பார்வையை எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் கேன்டீனில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது. வெட்கப்படவில்லை.

அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். உன் சாவு பணியில் நேர்ந்த சாவு என்று எழுதப்பட்டது. கிழித்த பக்கத்துக்குப் பதில் புதுப் பக்கம் ஒட்டினார்கள்.

போன ஆடி மாதம் அவர் தன் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். தலை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். அவருக்குத் தெரியாமல் அந்தப் படிவத்தை நான் வைத்ததாக எழுதித் தர வேண்டுமாம். எழுதிக்கொடுத்தால் என்மேல் நடவடிக்கை வராமல் அவர் பார்த்துக்கொள்வாராம்.

"பேரு கெட்டுப்போச்சும்மா" என்று கண்கலங்கினார்.

"அவ பேரு இன்னா சார்?" என்று கேட்டேன்.

"ஆ அம்மாயி..." என்று இழுத்தார். அந்தப் பெண் என்பதற்கு மேல் வரவில்லை. மனைவியைப் பார்த்தார். ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அது உன் பெயர் இல்லை.

"தெரிஞ்சிக்கினு வாங்க, பேசலாம்" என்று எழுந்துகொண்டேன். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு முதலில் வெளியே போனார். அந்த அம்மாவைப் பார்க்க மட்டும் கஷ்டமாக இருந்தது.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். வாசலில் நின்றபடியே உன் பெயரை, உன் நைனா பெயரோடு சேர்த்து, சரியாகச் சொன்னார். அப்போதும் நான் எழுதித் தரவில்லை. கதவைச் சாத்தினேன். இது சரியா என்று சில நாள் யோசிப்பேன். சரியில்லை என்று தோன்றும் நாளிலும் கதவைத் திறக்கத் தோன்றுவதில்லை.

இப்போது லேபை விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் உன் சிம் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லையோரக் குடிசைகளில் எல்லாம் அந்த நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நீ இல்லை என்பது தெரியாது. நான் சொல்வதும் இல்லை. நேற்று ஒரு குரல், உன் பெயரைச் சொல்லி, "அம்மா, ஓடைகிட்ட ஒரு கோத்தி செத்துக் கெடக்குது, வர்றியா?" என்றது.

"நான்தான் பேசுறேன். கொரங்க யாரும் தொடாதீங்க, ஆட்ட அந்தப் பக்கம் ஓட்டாதீங்க. இதோ வந்துக்கினே இருக்கேன்" என்றேன்.

போனேன். பார்த்தேன். பதிவேட்டில் 'குரங்குச் சாவு: ஒன்று' என்று எழுதினேன்.