ஆண்டுக் கட்டணம் பதினோராயிரத்து எண்ணூறு

12 ஜனவரி 2025, ஞாயிறு

டெல்பின் மிஸ் தன்னுடைய பயணக் கிரெடிட் கார்டை மூடிவிட்டாளாம். "வருஷத்துக்குப் பதினோராயிரத்து எண்ணூறு சும்மா பிடுங்குறாங்க மிஸ். அதுக்கு நான் என்ன ஊர் ஊரா பறக்கவா போறேன்?" என்றாள். அவள் அறிவியல் டீச்சர். நான் கணக்கு டீச்சர். அதே கார்டை நான் வாங்கிய நாளே நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டேன். மார்ச் முடிவதற்குள் நான்கு லட்சம் செலவு காட்டினால் கட்டணம் தள்ளுபடி. செலவுக்குச் செலவு சேரும் பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் டிக்கெட் இலவசம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் யாழினிக்கு மே நடுவில் தலைப்பிரசவம். அவளால் லீவு போட்டு இங்கே வர முடியாது. எனக்கோ ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை. சிங்கப்பூரில் காலணா செலவில்லாமல் போய் இறங்குவேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

தம்பி அன்புச்செல்வன் வீட்டுக்கு ஃபிரிட்ஜ். "அக்கா, உன் கார்டுல தேய்ச்சுக்க, நான் கையில தந்துடுறேன்." போன வாரம் எதிர்வீட்டு வாஷிங் மெஷின். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யார் எதை வாங்கினாலும் கார்டோடு கூடப் போய் நிற்கிறேன். இவர் சிரிக்கிறார். "கார்டு உனக்கா மகா, நீ கார்டுக்கா?"

கிண்டல் பண்ணத்தான் லாயக்கு. பென்ஷன் வாங்குகிற மனிதருக்கு வேறென்ன வேலை.

2 மார்ச், ஞாயிறு

ஏப்ரல் 27, திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர், ஒன்பதாயிரத்து இருநூறு. இவர்தான் போனில் பார்த்துக் காட்டினார். "போட்டுருவோமா?"

"பாயிண்ட் இருக்கும்போது எவனாவது காசு குடுப்பானா?" என்றேன். ஆறாயிரம் பாயிண்ட்தான் குறைகிறது. அதற்குள் இவருக்கு என்ன அவசரமோ.

29 மார்ச், சனி

கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள். தள்ளுபடிக்கு அறுபத்திரண்டாயிரம் குறைந்தது. மலைக்கோட்டைக்குப் போய் ஒரு நகைக்கடையில் குழந்தைக்கென்று ஒரு சங்கிலி வாங்கினேன். அறுபத்தைந்தாயிரம். பயணத்துக்கென்று வங்கியில் போட்டிருந்த பணம் அப்படியே இதற்குப் போய்விடும். போகட்டும். கட்டணமும் மிச்சம், பாயிண்டும் நிறைந்துவிடும், தங்கமும் தங்கம்.

5 ஏப்ரல், சனி

கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள். பதினோராயிரத்து எண்ணூறு. போன் செய்தேன். "மேடம், நகைக்கடைச் செலவு இந்தக் கணக்குல சேராது. நாலாவது பக்கத்துல போட்டிருக்கோம்." பாயிண்ட்? அதுவும் அந்தச் செலவுக்குப் பாதிதானாம். டிக்கெட்டுக்கு எப்படியோ எட்டிவிட்டது.

"கேள்வியை முழுசாப் படிங்க, முழுசாப் படிங்க" என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான்.

கார்டை இப்போதே மூடினால் பாயிண்ட் போய்விடும். ஆகவே கட்டணத்தைக் கட்டினேன். இவரிடம் சொல்லவில்லை.

11 ஏப்ரல், வெள்ளி

ஏப்ரல் 27, பாயிண்டில் ஒரு இடம் காட்டுகிறது. சென்னை வழியாக. பாயிண்டை மாற்றிவிட்டேன். போய்ச் சேர மூன்று நாளாகுமாம்.

14 ஏப்ரல், திங்கள்

வருஷப்பிறப்பு. பாயிண்ட் போய்ச் சேர்ந்தது. இடம் போய்விட்டது. அடுத்த இடம் ஜூன் 19. இருக்கட்டும் என்று அதைப் போட்டு வைத்தேன். மாற்றியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மாங்காய்ப் பச்சடி வைத்தேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

மாப்பிள்ளை சரவணனின் அம்மா மயிலம்மாள், திருவெள்ளறையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். ஒரு பை நிறையக் கடலை. பிரசவம் முன்கூட்டியே ஆகலாம் என்று டாக்டர் சொன்னாராம், சரவணன் போன் செய்தானாம்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு டிராவல்ஸ்ல பணத்தைக் கட்டுனேன் சம்மந்தி. இருபத்தாறாயிரம், போக வர. அஞ்சு நிமிசத்துல டிக்கெட்டைக் கையில குடுத்துட்டாங்க. நீங்க என்னிக்குக் கிளம்புறீங்க?"

பாயிண்டைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப அந்தப் பாயிண்டு வந்ததும் வாங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

அவர் போனதும் இவர் சொன்னார்: "சங்கிலியை அடகு வெச்சாவது போ மகா." மாட்டேன் என்றேன். குழந்தையின் நகையை அடகு வைத்துக்கொண்டு போய் இறங்குவதா? மே நடுவில்தானே பிரசவம், விடுமுறைக் கூட்டம் குறைந்தால் டிக்கெட் விலை இறங்கும். கணக்குப்படி இறங்க வேண்டும்.

28 ஏப்ரல், திங்கள்

ஏர்போர்ட் போயிருந்தேன். வழியனுப்ப. நான் கிண்டிய பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி, வசம்பு எல்லாவற்றையும் மயிலம்மாளின் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். "உள்ள என்ன கேப்பாங்க சம்மந்தி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்று கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். விமானத்தில் ஏறியே இராதவள், பாடம் நடத்துகிறேன்.

3 மே, சனி

ஆண் குழந்தை. விடியற்காலை. மயிலம்மாள்தான் முதலில் கையில் வாங்கினாராம்.

4 மே, ஞாயிறு

வலி எடுத்ததும் அம்மான்னு கத்தினாளாம். சரவணன் போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அம்மான்னுதானே கத்துவா. அம்மா எங்க இருந்தா? ஸ்ரீரங்கத்துல ஃபேனுக்கடியில உக்காந்து டிக்கெட் விலை இறங்கிடுச்சான்னு பாத்துக்கிட்டு இருந்தா. ஒம்பதாயிரத்து இருநூறு. ஒம்பதாயிரத்து இருநூறுதானே — கையில இருந்துச்சே! யாருக்குக் காட்ட இவ்வளவு சாமர்த்தியம்?

இவராவது ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன?

15 ஜூன், ஞாயிறு

பாயிண்ட் டிக்கெட்டுக்கு இன்னும் நான்கு நாள். பள்ளி திறந்துவிட்டது, லீவு கிடையாது என்றுவிட்டார்கள். யாழினியும், "அத்தை இருக்காங்கம்மா, நீ மெதுவா வா. இருக்கிறது ரெண்டே ரூம்" என்றாள். சரி என்றேன். டிக்கெட்டைப் பாயிண்டோடு விட்டுவிட்டேன். வீம்பு என்றால் வீம்புதான்.

26 ஜூலை, சனி

கார்டை மூடிவிட்டேன். "காரணம் சொல்லுங்க மேடம்" என்றாள் போனில் அந்தப் பெண். போனை வைத்துவிட்டேன்.

19 அக்டோபர், ஞாயிறு. சிங்கப்பூர்

நேற்று வந்து சேர்ந்தேன். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது எதிர்ப்பக்கம் போகிறவள் நான் என்பதால் டிக்கெட் மலிவு. போக ஒன்பதாயிரத்து நூறு. மயிலம்மாள் சொன்ன அதே டிராவல்ஸ். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டேன். கார்டுக்குக் கட்டிய கட்டணத்தைவிடக் குறைவு.

குழந்தை யாழினியை உரித்து வைத்திருக்கிறான். தூக்கினேன், அழுதான். சங்கிலியைக் கழுத்தில் போடப் போனேன், அலறினான். யாழினி வாங்கிப் பார்த்தாள், அவளிடமும் அடங்கவில்லை. கடைசியில் சரவணன், ஊர் திரும்பிவிட்ட அம்மாவுக்குத் திருவெள்ளறைக்கு வீடியோ கால் போட்டான். மயிலம்மாள் "என் ராசா" என்றதும் அழுகை நின்றது. போனைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தம்மா அங்கிருந்து என்னிடம், "சாப்டீங்களா சம்மந்தி?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

"புது முகம்தானேம்மா. ரெண்டு நாள்ல பழகிடுவான்" என்றாள் யாழினி.

ஆமாம், பழகிவிடுவான். செவ்வாய்க்கிழமை காலை எனக்குத் திரும்பும் டிக்கெட். புதன் பள்ளி.